சுங்னியேமுன்: எரிந்த வாசலை ஒரு நகரம் எப்படித் திரும்பக் கட்டியது

தென்கொரியத் தலைநகர் சியோலின் மத்திய புகையிரத நிலையத்திலிருந்து வெளியே வந்து வடக்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழைய கோட்டை வாசல் ஒன்று தெரியும். கீழே கருங்கல் அடித்தளம், அதன் நடுவில் வளைந்த வாயில், மேலே இரண்டு அடுக்கு மர மண்டபம். சுற்றிலும் எந்நேரமும் வாகனங்கள். கிழக்குப் பக்கம் வீதியைக் கடந்தால் உடுப்பு முதல் சட்டி பானை வரை மலிவாக விற்கும் பெரிய சந்தை. இந்த வாசலின் பெயர் சுங்னியேமுன். கொரியர்கள் பேச்சு வழக்கில் நம்தேமுன், அதாவது ‘தெற்குப் பெருவாசல்’ என்பார்கள்.

வேலை விடயமாகச் சியோலுக்குச் சென்றிருந்த நாட்களில் இந்த வாசலை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது ஆறு நூற்றாண்டுப் பழைய கட்டடம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. இரண்டாவது தடவை, கொரிய நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று, எந்தக் கல் பழையது, எந்த மரம் புதியது என்று பிரித்துக் காட்டினார். மேல்மாடம் ஏறக்குறைய முழுவதும் 2008ஆம் ஆண்டு ஒரே இரவில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 2013இல் திறக்கப்பட்டது.

எரிந்த கட்டடங்களின் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திரும்பக் கட்டப்பட்ட கட்டடம் என்றதும் இரண்டு கேள்விகள் எழும். எரிந்ததை வைத்துக் கட்டினார்களா, எரிந்ததை மறைத்துக் கட்டினார்களா? நிற்பது பழைய கட்டடமா, அதன் உருவத்தில் ஒரு புதுக் கட்டடமா? சுங்னியேமுன்னின் கதையில் இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் முழுக்கப் பெருமைக்குரியதாகவும் இல்லை, முழுக்க வெட்கத்துக்குரியதாகவும் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன்.

தலைநகரின் தெற்கு வாசல்

1392இல் ஜோசன் அரச மரபு கொரியாவில் ஆட்சிக்கு வந்தது. அதன் முதல் மன்னர் தேஜோ 1394இல் தலைநகரை ஹன்யாங்குக்கு மாற்றினார். அதுதான் இன்றைய சியோல். புகாக்சான், நக்சான், நம்சான், இன்வாங்சான் என்ற நான்கு மலைகளின் முகடுகளை இணைத்துச் சுமார் 18.6 கிலோமீற்றர் நீளமான மதில் எழுப்பப்பட்டது. அந்த மதிலில் நான்கு பெரிய வாசல்களும் நான்கு சிறிய வாசல்களும் இருந்தன.

தெற்குப் பெருவாசலின் வேலை 1395இல் தொடங்கி 1398இல் முடிந்தது. பின்னர் 1448இல் மன்னர் செஜோங் காலத்திலும், 1479இல் மன்னர் சோங்ஜோங் காலத்திலும் பெரிய திருத்தங்கள் நடந்தன. இந்த ஆண்டுகள் வாய்வழிக் கதைகள் அல்ல. 1960களில் மண்டபத்தைப் பிரித்துத் திருத்தியபோது, உள்ளே இருந்த மரங்களில் பழைய தச்சர்கள் மையால் எழுதிவைத்திருந்த குறிப்புகள் கிடைத்தன. முகட்டு வளை ஏற்றப்பட்ட ஆண்டு 1396 என்பதும் அப்போதுதான் உறுதியாயிற்று. தான் யார், எப்போது எழுப்பப்பட்டேன் என்பதைக் கட்டடமே தன் உடம்புக்குள் எழுதி வைத்திருந்தது.

வாசல்களின் பெயர்களில் கன்பூசிய அறங்கள் இருக்கின்றன. கிழக்கு வாசலான ஹுங்கின்ஜிமுன் பெயரில் அன்பு, மேற்கு வாசலான டொனுயிமுன் பெயரில் நீதி, தெற்கு வாசலின் பெயரில் ஒழுக்க மரியாதை. ‘சுங்னியே’ என்றால் மரியாதையைப் போற்றுதல். ‘முன்’ என்றால் வாசல்.

பெயர்ப்பலகையைக் கவனித்துப் பாருங்கள். மற்றப் பல வாசல்களில் எழுத்துகள் கிடையாக இருக்க, இங்கே மூன்று சீன எழுத்துகளும் மேலிருந்து கீழாக நிற்கின்றன. நகரின் தெற்கே உள்ள குவானக் மலை நெருப்பின் தன்மை கொண்டது என்பது பழைய நம்பிக்கை. அந்த நெருப்பு அரண்மனையை அணுகாமல் தடுக்கவே எழுத்துகளை நிமிர்த்தி எழுதினார்கள் என்பார்கள். எழுதியவர் மன்னர் செஜோங்கின் மூத்த சகோதரரான இளவரசர் யாங்நியோங் என்பது மரபு. நெருப்பைத் தடுக்க எழுதப்பட்ட பலகையைத் தாங்கிய மண்டபமே பின்னாளில் நெருப்புக்கு இரையானது.

ஜோசன் காலத்தில் நகரின் நடுவே இருந்த பெருமணி இரவில் 28 தடவை ஒலிக்கும்போது வாசல்கள் மூடப்படும். விடியலில் 33 தடவை ஒலிக்கும்போது திறக்கும். தென் மாகாணங்களிலிருந்து வருவோரும் வியாபாரிகளும் இந்த வாசலால்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜோசன் காலத்தின் பிற்பகுதியில் வாசலுக்கு வெளியே சில்பே என்ற பெரிய சந்தையும் கூடியது. இன்றும் வாசலின் அருகில் சந்தை இருப்பது பழைய தொடர்ச்சிதான்.

இடித்தவர்கள் விட்டுவைத்த வாசல்

மதில் இருந்த இடத்தில் இன்று வீதி இருப்பதற்குக் காரணம் காலனி ஆட்சி. 1907இல், ஜப்பானிய முடிக்குரிய இளவரசரின் வருகையை ஒட்டிச் சுங்னியேமுன்னின் பக்கத்து மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு வாசல் தனித்துப் போய், இருபுறமும் வீதி சூழ்ந்த தீவாக மாறியது. 1910இல் கொரியா முழுவதுமாக ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. 1915இல், டிராம் பாதையை அகலப்படுத்துவதற்காக மேற்கு வாசலான டொனுயிமுன் இடிக்கப்பட்டது. அதன் மரங்களும் ஓடுகளும் ஏலத்தில் போயின.

அப்படியானால் தெற்கு வாசலும் கிழக்கு வாசலும் ஏன் தப்பின? 1592இல் கொரியாவின் மீது படையெடுத்த ஜப்பானியத் தளபதிகள் இந்த இரண்டு வாசல்களாலேயே தலைநகருக்குள் நுழைந்தார்கள் என்ற நினைவு ஜப்பானியர்களிடம் இருந்தது, அந்த வெற்றியின் சின்னங்களாகவே இவற்றை இடிக்காமல் விட்டார்கள் என்பது வரலாற்று ஆய்வில் முன்வைக்கப்பட்டுள்ள விளக்கம். இது இன்றும் கொரியாவில் சூடான வாதம். 1934இல் காலனி நிர்வாகம் பாதுகாக்கப்படும் பொருட்களுக்கு இலக்கமிட்டபோது, இந்த வாசலுக்கு முதலாம் இலக்கம் கிடைத்தது.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. ஒரு வருடம் முடிவதற்குள் சியோல் நான்கு தடவை கை மாறியது. வாசலும் காயப்பட்டது. போருக்குப் பின் அவசரத் திருத்தங்கள் நடந்தன. 1961 முதல் 1963 வரை மண்டபம் முழுவதும் பிரித்துத் திருத்தப்பட்டது. அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1962இல் தென்கொரிய அரசு சுங்னியேமுன்னை ‘தேசிய அரும்பொருள் இலக்கம் 1’ என அறிவித்தது.

இலக்கம் ஒரு நிர்வாக வசதிதான், பெறுமதியின் வரிசை அல்ல என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால், பாடசாலையில் படித்த ஒவ்வொரு கொரியப் பிள்ளைக்கும் ‘இலக்கம் 1’ என்றால் சுங்னியேமுன். ஆக்கிரமித்தவர்கள் எந்த எண்ணத்தோடு விட்டுவைத்திருந்தாலும், மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு கட்டடம் யாருடையது என்பதை அதை விட்டுவைத்தவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை. அதன் கீழால் நடந்துபோனவர்களின் நினைவுதான் தீர்மானிக்கிறது.

2008 பெப்ரவரி 10 இரவு

நெடுங்காலமாக வாகனங்கள் சூழ்ந்து நின்றதால் இந்த வாசலை மக்கள் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். 2005இல் அதைச் சுற்றிப் புல்வெளி அமைக்கப்பட்டது. 2006 மார்ச்சில் வாயிலால் நடந்துபோக மக்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அது நல்ல முடிவு. ஆனால், திறந்துவிட்ட அளவுக்குக் காவல் போடப்படவில்லை. இரவில் அங்கே ஆள் இல்லை. தனியார் நிறுவனமொன்றின் எச்சரிக்கைக் கருவிகளை மட்டுமே நம்பியிருந்தார்கள்.

பெப்ரவரி 10, சந்திரப் புத்தாண்டு விடுமுறையின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் 69 வயதான ஒருவர் ஏணியுடன் மேல்மாடத்துக்கு ஏறினார். கொண்டுவந்த தின்னரை ஊற்றித் தீ வைத்துவிட்டு இறங்கிப் போனார். அபிவிருத்தித் திட்டத்துக்காக எடுக்கப்பட்ட தனது காணிக்குக் கிடைத்த நட்டஈடு போதாது என்பது அவருடைய கோபம். அதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை என்று சொன்னார். 2006இலும் இதே கோபத்தில் சாங்க்யோங் அரண்மனையில் தீ வைத்து, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர் அவர்.

தீயணைப்புப் படையினர் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, அரும்பொருளுக்குச் சேதம் வரக்கூடாது என்ற தயக்கம். கூரையை உடைத்து உள்ளே போவதா என்று முடிவெடுக்கவே நேரம் போனது. இரண்டாவது, கூரையின் அமைப்பு. ஓட்டுக்குக் கீழே மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த படை. அதற்குக் கீழே நெருக்கமாக அடுக்கிய மரங்கள். மழைநீர் இறங்காமல் கட்டிய கூரைக்குள் தீயணைப்பு நீரும் இறங்கவில்லை. வெளியே புகை அடங்கியபோது தீ அணைந்துவிட்டது என்று நினைத்தார்கள். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அது பரவிக்கொண்டிருந்தது.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் மேல்மாடம் சரிந்து விழுந்தது. முழு நாடும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையைத் தீயணைப்பு வீரர்கள் வெட்டிக் கீழே இறக்கியதால், உடைவுகளோடு அது தப்பியது. உயிரிழப்பு ஏற்படவில்லை. மேல்மாடத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. கீழ்மாடத்தில் பத்தில் ஒரு பங்கு அழிந்தது. கல் அடித்தளம் அசையாமல் நின்றது.

என்னை அழைத்துச் சென்ற நண்பர் அப்போது பல்கலைக்கழக மாணவர். அடுத்த நாள் காலை வகுப்புக்குப் போகாமல் அங்கே போனதாகச் சொன்னார். கரிந்த வாசனை புகையிரத நிலையம் வரை வந்ததாம். வெள்ளைச் செவ்வந்திப் பூக்களை வைத்து, செத்த வீட்டில் போல விழுந்து வணங்கியவர்களைத் தான் கண்டதாகவும் சொன்னார். ஒரு கட்டடத்துக்காக வளர்ந்த மனிதர்கள் அழுததைப் பார்த்தது அதுவே முதல் தடவை என்றார். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை.

தீ வைத்தவருக்கு 2008 ஏப்ரலில் பத்து வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காணியின் விலை தொடர்பான ஒரு தனிமனிதக் கோபத்துக்கு, முழுச் சமூகத்தின் நினைவு இரையாயிற்று. அவருடைய முறைப்பாடு சரியானதா என்ற கேள்வியை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தையும் அவரே எரித்துவிட்டார்.

கரிக்கட்டைகளின் பெறுமதி

தீயணைந்த முதல் நாட்களில் ஒரு சம்பவம் நடந்தது. அகற்றப்பட்ட இடிபாடுகளில் ஒரு பகுதி நகரின் ஓரத்தில் உள்ள கழிவு ஒதுக்குமிடம் ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டது செய்தியாகியது. உடைந்த ஓடும் கரிந்த மரமும் குப்பையா என்று மக்கள் கொதித்தார்கள். அதன் பிறகு இடிபாடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுப் பதியப்பட்டன.

திரும்பப் பயன்படுத்தக்கூடிய மரங்கள் மீண்டும் கட்டடத்துக்குள் போயின. கரிந்துபோய் இனிப் பாரம் தாங்காது என்றவற்றையும் எறியவில்லை. அவை சியோலுக்கு வடக்கே பாஜு நகரில், பழைய கட்டடங்களின் பாகங்களைப் பேணும் நிலையமொன்றில் பாதுகாக்கப்படுகின்றன. எந்த மூட்டு எப்படிப் பொருத்தப்பட்டது, எந்த உளி அதை வெட்டியது என்பதை இனி வரும் தச்சர்கள் அந்தக் கரிக்கட்டைகளில் படிக்கலாம். எரிந்ததும் ஒரு ஆவணம்தான்.

செலவு பற்றியும் ஒரு வாதம் எழுந்தது. அப்போது பதவியேற்கக் காத்திருந்த ஜனாதிபதி லீ மியுங்-பாக், மக்களின் நன்கொடையால் திரும்பக் கட்டலாம் என்று சொன்னார். வாசல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட காலத்தில் சியோலின் மேயராக இருந்தவரும் அவரே. காவல் போடத் தவறியது அரசு, பணம் கொடுப்பது நாங்களா என்று எதிர்ப்பு வந்தது. அந்த யோசனை கைவிடப்பட்டு, செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. ஆனாலும், மக்கள் தாமாக முன்வந்து கொடுத்தவையும் இருந்தன. தங்கள் காணிகளில் நின்ற பைன் மரங்களைக் கொடுத்தவர்களும் உண்டு.

எதை வைத்துக் கட்டினார்கள்?

திரும்பக் கட்ட முடிந்ததற்கு முதல் காரணம் பணமல்ல. தீ விபத்துக்கு முன்னரே, 2006இல் முடிக்கப்பட்ட விரிவான அளவீடு ஒன்று கையில் இருந்தது. ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு உத்திரமும், கூரையைத் தாங்கும் ஒவ்வொரு கட்டையும் அளந்து வரையப்பட்டிருந்தன. 1960களின் திருத்த வேலை பற்றிய அறிக்கையும் படங்களும் இருந்தன. இவை இல்லாவிட்டால் கட்டுவது ஊகத்தில்தான் நடந்திருக்கும்.

பெயர்ப்பலகையின் கதை இன்னும் வியப்பானது. தப்பிய பலகையை ஆராய்ந்தபோது, முந்தைய திருத்தங்களில் எழுத்துகளின் கோடுகள் சற்று மாறியிருந்தது தெரியவந்தது. இளவரசர் யாங்நியோங்கின் நினைவு ஆலயத்தில், அந்த எழுத்துகளைப் பலகையிலிருந்து முன்னொரு காலத்தில் எடுத்த மைப்படி இருந்தது. அதை ஒப்பிட்டுக் கோடுகளைத் திருத்தினார்கள். கட்டடத்துக்கு வெளியே, வேறோர் இடத்தில், யாரோ பேணிவைத்த ஒரு பிரதி தேவைப்பட்ட நாளில் உதவியது.

கட்டும் வேலை 2010 பெப்ரவரி 10 அன்று, தீயின் இரண்டாம் ஆண்டு நாளில் தொடங்கியது. இயன்றவரை பழைய முறையிலேயே கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கல்லைக் கையால் பொளிந்தார்கள். மரத்தைக் கோடாரி, கைவாள், உளி கொண்டு வெட்டினார்கள். இரும்பு வேலைக்காக வேலைத்தளத்திலேயே கொல்லன் பட்டறை அமைத்தார்கள். ஜோசன் அரச மரபின் மூதாதையர் கல்லறையைச் சூழ்ந்த சம்சோக் காட்டிலிருந்து பைன் மரங்கள் வந்தன. தொழிற்சாலை ஓட்டை விலக்கி, 22,000 அளவிலான ஓடுகளைக் கையால் செய்து பாரம்பரியச் சூளையில் சுட்டார்கள்.

வாசலோடு நிற்காமல், 1907க்குப் பின் காணாமல் போயிருந்த மதிலின் ஒரு துண்டையும் கட்டினார்கள். கிழக்கில் 53 மீற்றர், மேற்கில் 16 மீற்றர். பெரிய நீளமல்ல. ஆனால், அதுவரை வீதி நடுவே தனியாக நின்ற மண்டபம், அந்தச் சிறு மதிலால் மீண்டும் ஒரு மதிலின் வாசலாகத் தெரிகிறது. 24 பில்லியன் வொன்னுக்கும் மேல் செலவான வேலை முடிந்து, 2013 மே 4 அன்று வாசல் திறந்தது.

ஐந்து மாதத்தில் உரிந்த வர்ணம்

கதை இங்கே முடிந்திருந்தால் சுற்றுலாப் பிரசுரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால், அதே ஆண்டு ஒக்டோபரில் கூரையின் அடிப்பகுதியில் வர்ணம் உரிவது வெளியில் தெரியவந்தது. தூண்களில் வெடிப்புகள் கண்டார்கள். மரங்கள் போதிய காலம் காயவிடப்படவில்லை என்ற குற்றச்சாட்டும், மரத்தின் மூலம் பற்றிய சந்தேகங்களும் கிளம்பின. நவம்பரில் கலாசார மரபுரிமை நிர்வாகத்தின் தலைவர் பதவியிழந்தார்.

வர்ணம் ஏன் உரிந்தது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கொரிய மரக் கட்டடங்களில் பூசும் வர்ண வேலைப்பாட்டுக்குத் தான்சோங் என்று பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் அந்த வேலை அலங்காரம் மட்டுமல்ல. மரத்தைப் பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது. பழைய காலத்தில் இயற்கை நிறப்பொடிகளையும், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையையும் கலந்து பூசினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரசாயன வர்ணங்கள் வந்தன. அவை மலிவு, வேலையும் சுலபம். சில தசாப்தங்களில் பழைய கலவையைச் செய்யும் பழக்கமே கைவிடப்பட்டுவிட்டது.

சுங்னியேமுன்னுக்குப் பழைய முறையில்தான் பூச வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. பொறுப்பேற்ற கலைஞருக்கு அந்த முறையில் போதிய அனுபவம் இருக்கவில்லை. பூசியது சரியாக ஒட்டாமலும், குறித்த திகதி நெருங்கியும் வந்தபோது, தடைசெய்யப்பட்டிருந்த இரசாயன நிறங்களும் பசையும் சேர்க்கப்பட்டன. 2014 மே மாதம் அரச கணக்காய்வு இதை வெளிப்படுத்தியது. அரசு தொடர்ந்த வழக்கில், 2022இல் சியோல் நீதிமன்றம் அவரும் அவரது மாணவரும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கட்டும் காலத்தில் வேலையாட்கள் பாரம்பரிய உடை அணிந்து வேலை செய்தார்கள். படங்களில் அது அழகாக இருந்தது. உடையை ஒரு நாளில் அணியலாம். பசை காய்ச்சும் கைப்பக்குவத்தை ஒரு நாளில் பெற முடியாது. அளவு வரைபடத்தில் இருந்தது, மரம் காட்டில் இருந்தது, பணம் திறைசேரியில் இருந்தது. தொழில் மட்டும் மறந்துபோயிருந்தது. கட்டடங்களை எரித்தவர்கள் எரிக்காத ஒன்றைச் சமூகமே கவனிக்காமல் தொலைத்திருந்தது.

இந்தத் தோல்வி மூடிமறைக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊடகங்கள் கேள்வி கேட்டன, கணக்காய்வு நடந்தது, பொறுப்பாளர் பதவி போனது, வழக்கு நடந்தது. ஒரு நினைவுச் சின்னத்தின் மேல் கேள்வி கேட்பது அதை அவமதிப்பதாகாது என்பதை ஏற்றுக்கொண்ட சமூகத்தில்தான் இது நடக்கும்.

கற்றுக்கொண்ட பாடம்

கொரியாவில் பெப்ரவரி 10, 2011ஆம் ஆண்டு முதல் மரபுரிமைச் சின்னங்களை அனர்த்தத்திலிருந்து காக்கும் நாளாக அனுசரிக்கப்படுகிறது. சுங்னியேமுன்னில் இப்போது தீ உணரிகள், நீர்த்தெளிப்பான்கள், கமராக்கள் உள்ளன. இரவும் பகலும் ஆட்கள் காவல் இருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்குச் சோதனையும் வந்தது. 2018 மார்ச் 9 அதிகாலை, கிழக்கு வாசலான ஹுங்கின்ஜிமுன்னுக்குள் ஒருவர் ஏறிக் கடதாசிகளுக்குத் தீ வைத்தார். அவருக்கும் நட்டஈடு கிடைக்கவில்லை என்ற கோபம்தான். இந்தத் தடவை அங்கே ஆட்கள் இருந்தார்கள். தீயணைப்புக் கருவியோடு ஓடிப்போய், ஐந்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். சுவரில் கரி படிந்ததோடு முடிந்தது. பத்து வருடங்களுக்கு முன் ஒரு நாட்டையே அழவைத்த அதே வகைச் செயல், இப்போது ஒரு சிறு செய்தி.

2021 நவம்பரில் ‘இலக்கம் 1’ என்பதும் போய்விட்டது. எல்லாத் தேசிய அரும்பொருட்களிலிருந்தும் இலக்கங்களை நீக்கினார்கள். காலனி நிர்வாகம் தொடங்கிய இலக்கமிடும் வழக்கம் ஒரு தரவரிசை போலப் புரிந்துகொள்ளப்படுவதுதான் காரணம். அதற்கு முன்னரே, 1996இல், ‘நம்தேமுன்’ என்றிருந்த உத்தியோகபூர்வப் பெயரைப் பழைய சுங்னியேமுன் என்று மாற்றியிருந்தார்கள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

தொழில் நிமித்தம் கொரியாவில் இருக்கும் எம்மவர்கள், விடுமுறை நாளொன்றில் போய்ப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். சுரங்க ரயிலில் வந்தால் சியோல் நிலையத்திலோ, சந்தைப் பக்கமாக ஹோயியோன் நிலையத்திலோ இறங்கலாம்.

முதலில் கற்களைப் பாருங்கள். அடித்தளத்தின் கற்கள் கறுத்தும் தேய்ந்தும் இருக்கும். பக்கத்து மதிலில் புதிதாக வைத்த கற்கள் வெளிறித் தெரியும். இரண்டையும் ஒரே நிறமாக்கி ஏமாற்ற முயலவில்லை. பிறகு வாயிலின் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வளைவின் மேல் கடல்நாகங்களின் ஓவியம் இருக்கிறது. வெளியே வந்து, நிமிர்ந்து நிற்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஜோசன் காலக் காவலர் உடையில் நிற்பவர்களோடு படம் எடுக்கலாம்.

நேரமிருந்தால், மேற்கு வாசல் இருந்த இடத்துக்கும் போங்கள். அங்கே வாசல் இல்லை. 1915இல் இடித்த டொனுயிமுன்னைக் கல்லாலும் மரத்தாலும் திரும்பக் கட்டவில்லை. 2019 முதல், கைத்தொலைபேசியை அந்தச் சந்தியை நோக்கிப் பிடித்தால், வாசல் முன்பு நின்ற இடத்தில் அதன் உருவம் திரையில் எழும். ஒன்றைக் கட்டினார்கள், மற்றதன் வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்துத் தொழில்நுட்பத்தால் நினைவூட்டுகிறார்கள். இழந்ததை எல்லாம் திரும்பக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

சுங்னியேமுன் பழையதா புதியதா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கல்லும் கீழ்மாடமும் பழையவை, மேல்மாடம் புதியது. இரண்டையும் இணைப்பது பதிவு. தச்சர்கள் மரத்துக்குள் எழுதிவைத்த குறிப்பு, ஆலயத்தில் இருந்த மைப்படி, 2006இன் அளவீடு, பாஜுவில் கிடக்கும் கரிக்கட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த மேல்மாடம். பதிவு இருந்த இடங்களில் அது சரியாக எழுந்தது. கைப்பழக்கம் அறுந்திருந்த இடத்தில் வர்ணம் உரிந்தது.

எம் ஊர்களில் இன்னும் நிற்கும் பழைய மடங்கள், நாற்சார் வீடுகள், பாடசாலைக் கட்டடங்கள், கோயில் தேர்முட்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றை அளந்து வரைவதற்கு அரசும் வேண்டாம், பில்லியன்களும் வேண்டாம். ஒரு அளவு நாடா, ஒரு கமரா, ஒரு கொப்பி, அந்த வேலை தெரிந்த வயதான தச்சர் ஒருவரோடு உட்கார்ந்து கதைக்கச் சில பின்னேரங்கள் போதும். பிரதிகளை ஒரே இடத்தில் வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கட்டடம் நிற்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.